நீராவிப் படகின் வளையும் ஸ்டீம் ஹோஸுக்கு லேகிங் போடுவது எப்படி

சின்ன நீராவிப் படகில் பாய்லரிலிருந்து என்ஜின் வரைக்கும் முழுக்கக் கெட்டிக் குழாயாகவே போட்டால் அது ரொம்ப நாள் தாங்காது. பாய்லர் சூடேறும்போது உயரும், என்ஜின் ஓடும்போது குலுங்கும், அலை பட்டால் படகின் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் செம்புக் குழாய் 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் நீளும்; அந்த நீளத்துக்குப் போக இடமில்லை என்றால் யூனியன் என்கிற நட்டு மூட்டிலோ பிரேஸிங் வைத்து ஒட்டின மூட்டிலோ விரிசலாக வெளியே வரும். அதற்காகத்தான் நடுவில் வளையும் ஹோஸ் ஒன்றைப் போடுகிறோம். அந்த ஹோஸுக்கு லேகிங்காக, அதாவது சூடு வெளியே போகாமல் காக்கிற போர்வையாக, எதைச் சுற்றலாம், எதைச் சுற்றக் கூடாது, எங்கே சுற்றாமல் விட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம கொங்குப் பக்கத்தில் ஸ்டீம் யாருக்கும் புதுசு கிடையாது. திருப்பூர் சாயப்பட்டறை, காங்கேயம் ரைஸ் மில், பெருந்துறை சிப்காட், பனியன் கம்பெனி அயர்னிங் டேபிள் என்று எங்கே போனாலும் பாய்லர் இருக்கிறது, லேகிங் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கைப்பழக்கம் பெரும்பாலும் அசையாத குழாய்க்கானது. ராக் வூல் வைத்து, கோழிவலை சுற்றி இறுக்கி, மேலே அலுமினியத் தகடு மடித்து ரிவெட் அடித்துவிட்டால் வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம். படகு ஹோஸுக்கு அதே வேலையைச் செய்தால் ஹோஸ் வளைய வழியில்லாமல் போய், விரிசல் பழையபடி மூட்டில்தான் போய் நிற்கும். ஆகவே என் கணக்கு இது: சூடு வெளியே போகாமல் இருக்க வேண்டும், சரி, ஆனால் அதற்கும் முன்னால் ஹோஸ் தன் பாட்டுக்கு அசைய வேண்டும், நினைத்த நேரத்தில் கழற்றிப் பார்க்க முடிய வேண்டும். கழற்ற முடியாத லேகிங்கை வளையும் லைனில் போடவே கூடாது என்பது என் கட்சி.

எவ்வளவு சூடு போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் நிறையப் பேர் தப்பான எதிர்பார்ப்போடு ஆரம்பிக்கிறார்கள். 7 கிலோ பிரஷரில் ஸ்டீம் 170 டிகிரியில் இருக்கும். வெளி விட்டம் 20 மில்லிமீட்டர் வருகிற அரை இஞ்சு ஹோஸ் ஒரு மீட்டர் நீளம், காற்றடிக்காத இடத்தில் வெறுமனே இருந்தால் சுமார் 130 வாட் சூட்டை வெளியே விடும். அந்த பிரஷரில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 2050 கிலோஜூல் விடுகிறது, அப்படிப் பார்த்தால் மணிக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே உண்டாகிறது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு நல்ல லேகிங் சுற்றினால் 130 வாட் என்பது 40 வாட்டுக்குள் வந்துவிடும். ஒரு 3 ஹெச்.பி. என்ஜின், ஸ்டீமை ஒரே சிலிண்டரில் விரிய விட்டு வெளியே தள்ளுகிற சாதா வகை, மணிக்கு 40, 50 கிலோ ஸ்டீம் குடிக்கும். அந்தக் கணக்கில் ஒரு மீட்டர் ஹோஸில் போகிற கால் கிலோ பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஹோஸைச் சுற்றினால் விறகு பாதியாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பின்னே எதற்கு இந்த வேலை என்றால், முதல் காரணம் உங்கள் கை, கூட வருகிற குழந்தையின் கை. படகு சின்னது, ஆட்டத்தில் யாராவது தடுமாறினால் கை தானாகப் போய் எதையாவது பிடிக்கும், 70 டிகிரிக்கு மேலே இருக்கிற உலோகத்தை ஒரு நொடி பிடித்தாலே தோல் வெந்துவிடும், நம் ஹோஸ் இருப்பதோ 170-ஐ ஒட்டி. இரண்டாவது காரணம் தண்ணீர். என்ஜினை நிறுத்தி வைத்து, கரையில் யாரையோ ஏற்றிக்கொண்டு, பேசிவிட்டுத் திரும்பவும் வால்வைத் திறக்கிற அந்த நேரத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. ஓட்டமில்லாத லைனில் ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகி ஹோஸின் தொய்வில் தேங்கும், வால்வைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் மொத்தமாகப் போய் அடிக்கும். தண்ணீர் அமுங்காது; பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால் மூடியோ கனெக்டிங் ராடோ ஒன்று போயே தீரும். லேகிங் இந்தத் தண்ணீரைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது, அதனால் டிரெயின் காக், அதாவது தேங்கின தண்ணீரை வடிக்கிற சின்னத் திருகு, இல்லாமல் லேகிங்கை மட்டும் நம்புவது சரிவராது.

மூன்றாவதாக, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று திறந்த படகில் வெறும் ஹோஸ் மேலே நேராகப் பட்டால் மேலே சொன்ன 130 வாட் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும். பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் நடுவில், கதவணைக்கு மேலே காவிரி அகண்டு நிற்கிற மாதிரி இடத்தில் ஒதுங்க மறைவே கிடையாது. லேகிங் போட்ட ஹோஸுக்குக் காற்றால் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் ஒரு நிபந்தனை: மேல் உறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். சூட்டைத் தடுப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கிற காற்று. மேலே உறை இல்லாமல் பஞ்சை மட்டும் கட்டிவிட்டால் அந்தக் காற்றும் அடித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது ஹோஸுக்கு வருவோம். உங்கள் படகில் இருப்பது எந்த ஹோஸ் என்பதைப் பார்க்காமல் லேகிங் வாங்கக் கிளம்ப வேண்டாம். ரப்பர் ஸ்டீம் ஹோஸாக இருந்தால், சிவப்பாகவோ கறுப்பாகவோ தடியாக இருக்குமே அதுதான், அதன் மேலே எதையும் சுற்றக் கூடாது. ரப்பரின் வெளித்தோல் காற்றில் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால்தான் உள்ளே இருக்கிற கட்டுமானம் தாங்குகிறது. மூடினால் தோல் வரைக்கும் ஸ்டீமின் சூடு ஏறி ரப்பர் சீக்கிரமே கட்டியாகி வெடிக்கும், அது கொப்பளிப்பதும் வெளியே தெரியாது. ரப்பர் ஹோஸுக்குக் கை படாமல் இருக்க வேண்டும் என்றால் சற்றுத் தள்ளி ஒரு துளைத்தகடு மறைப்பு வையுங்கள், காற்று போய்வரட்டும். அயர்னிங் டேபிளில் வருகிற டெஃப்லான் ஹோஸ், மேலே ஸ்டீல் பின்னல் போட்டது, 260 டிகிரி வரை தாங்குகிற பொருள்தான், அதைச் சுற்றலாம். ஆனால் அது மடங்கினால் உள்குழாய் நசுங்கி அதே நிலையில் நின்றுவிடும், அதனால் மடங்காத அளவுக்கு வளைவைப் பெரிதாக வைக்க வேண்டும். படகுக்கு நான் சொல்வது நெளிநெளியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ், மேலே அதே ஸ்டீலில் பின்னல். இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

நெளி ஹோஸ் வளைவதற்காகச் செய்தது, முறுக்குவதற்காகச் செய்ததல்ல. மாட்டும்போது இரண்டு ஸ்பேனர் பிடித்துத்தான் நட்டை இறுக்க வேண்டும், ஒன்று நட்டில், இன்னொன்று ஹோஸின் அறுகோண முனையில். ஒற்றை ஸ்பேனரால் இறுக்கினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும், அந்த முறுக்கு லேகிங்குக்குள் மறைந்து போகும், பிறகு பின்னலுக்கு அடியில் விரிசல் விடும்போதுதான் தெரியும். என்ஜின் எந்தப் பக்கமாகக் குலுங்குகிறதோ அந்தத் தளத்திலேயே ஹோஸின் வளைவும் இருக்கட்டும். ஹோஸ் நடுவில் தொப்பையாகத் தொங்கக் கூடாது. பாய்லர் பக்கத்திலிருந்து என்ஜின் பக்கம் நோக்கி இறக்கமாக வந்து, இறக்கம் முடிகிற இடத்தில் டிரெயின் காக் இருக்க வேண்டும். தரையில் இருக்கும் ஆலை லைனுக்கு நூற்றுக்கு ஒன்று சரிவு போதும் என்பார்கள், படகில் ஆள் முன்னே போனால் முன்பக்கம் தாழும், பின்னே வந்தால் பின்பக்கம் தாழும், அதனால் கண்ணுக்கே நன்றாகத் தெரிகிற சரிவு வையுங்கள். இதையெல்லாம் சரி செய்யாமல் லேகிங் போட்டால் கோளாறுக்குப் போர்வை போர்த்தின கதைதான்.

அப்புறம் பொருள். கோவை டாக்டர் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் இன்ஜினியரிங் சாமான் கடைகளிலும், திருப்பூரில் டையிங் மெஷின் ஸ்பேர் விற்கிற கடைகளிலும் கேட்டால் கண்ணாடி நார்ப் பொருள்கள் எல்லாமே கிடைக்கும், கடையில் இல்லாவிட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். கேட்க வேண்டியது கிளாஸ் நீடில் மேட், அதாவது பசை இல்லாமல் ஊசியால் குத்திக் குத்தியே பாய் மாதிரி ஆக்கின கண்ணாடி நார். 12 மில்லிமீட்டர் கனம் வாங்கி இரண்டு அடுக்கு போட்டால் நமக்கு வேண்டிய 25-ஐ ஒட்டி வந்துவிடும். இதில் பசை இல்லாததால் சூட்டில் புகையாது, குலுக்கலில் உதிர்ந்து கீழே இறங்காது. சாதாரண ராக் வூலும் சூட்டைத் தாங்கும், ஆனால் ஓயாத அதிர்வில் பொடிந்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். செராமிக் பிளாங்கெட் 1260 டிகிரிக்குச் செய்தது, 170 டிகிரி ஹோஸுக்கு அது தேவையே இல்லை, அதன் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிற பொருள், திறந்த படகில் மூக்குக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு போக வேண்டாம். மூடின மில்லிலிருந்து பழைய கயிறு, பழைய துணி என்று காயலான் கடையில் வெள்ளையாக ஏதாவது கிடைத்தால் தொடவே தொடாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும். புதுசாகவும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு விற்கிறார்கள், மலிவு என்று வாங்க வேண்டாம். ஏ.சி. குழாய்க்குப் போடுகிற கறுப்பு நுரை ரப்பர் 105 டிகிரியை ஒட்டியே கையைத் தூக்கிவிடும், வெள்ளை நுரைக் குழாய் அதற்கு முன்னாலேயே உருகி ஒழுகும்.

மேல் உறைக்கு சிலிக்கான் பூசின கண்ணாடித் துணி. ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும், தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்காது, 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கட்டுவதற்கு 304 ஸ்டெயின்லெஸ் கம்பி, மெல்லிசாக. ஜி.ஐ. கம்பி ஈரத்தில் துருப்பிடிக்கும், வாங்க வேண்டாம். உறையை மூடித் திறக்க வெல்க்ரோ போதும், ஆனால் அது சூடான பக்கத்தில் படாமல் வெளி மடிப்பில் மட்டும் இருக்க வேண்டும், சாதா நைலான் வெல்க்ரோ அதிகச் சூடு தாங்காது.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு வராது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், ஆனால் அதற்கு ஒரு எமன் உண்டு, குளோரைடு. 304, 316 வகை ஸ்டீல் 60 டிகிரிக்கு மேலே சூடாக இருந்து, இழுவிசையில் இருந்து, குளோரைடு கலந்த ஈரமும் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விடும். நெளி ஹோஸின் சுவர் காகிதக் கனம்தான், உருவாக்கும்போதே நெளியில் இழுவிசை உட்கார்ந்துவிட்டது, சூடு எப்படியும் இருக்கிறது, மிச்சம் தேவை குளோரைடு மட்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது, சில ஊர்களில் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கிறது. அந்தத் தண்ணீர் லேகிங்கில் இறங்கினால் ஹோஸின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது, ஒவ்வொரு முறை நனையும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஸ்டீலின் மேலேயே கெட்டியாகும். அதனால் படகைக் கழுவும்போது போர் தண்ணீர்க் குழாயை லேகிங் பக்கம் காட்டவே கூடாது. பிரஷர் டெஸ்ட்டுக்கும் ஹோஸைத் துடைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துங்கள். மேல் உறையாக ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர் துணி போடலாமே, மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும், இரண்டும் பி.வி.சி., அதற்குள்ளேயே குளோரின் இருக்கிறது, சூட்டில் சிதைந்தால் அமிலமாக இறங்கும். கடையில் நீடில் மேட் வாங்கும்போதும் ஸ்டெயின்லெஸ் மேலே போடுவதற்குக் குளோரைடு குறைந்த தரம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

சுற்றுவதற்கு முன்னால் வெறும் ஹோஸை ஒரு முறை முழுசாகச் சோதித்துவிட வேண்டும். ஓடுகிற பிரஷரைப் போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீர் பிரஷர் ஏற்றிப் பார்ப்பது வழக்கம், காற்றால் ஏற்றாதீர்கள், தண்ணீரால் மட்டும். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்டீம் ஏற்றி, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு கேஸ்கெட் அமுங்கி நட்டு லேசாக இளகியிருக்கும். பிரஷர் முழுக்க இறங்கின பிறகுதான் இறுக்க வேண்டும். சாயப்பட்டறை பாய்லர் அட்டெண்டன்ட் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது இது: “ஏனுங்க, முக்காடு போட்டு வெச்சுட்டா ஒழுகறது எப்படிங்க தெரியும்?” லேகிங் போடுகிற எல்லாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சரி, சுற்றுவோம். முழுக்கை சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி நார் தோலில் ஏறினால் அரிக்கும், வேலை முடிந்ததும் வெந்நீரில் குளிக்காமல் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.

ஹோஸ் படகில் மாட்டி, தன் நிரந்தர வளைவில் இருக்கும்போதுதான் சுற்ற வேண்டும். மேஜை மேலே நேராகப் போட்டுச் சுற்றிவிட்டுப் பிறகு வளைத்தால் வெளிவளைவில் சுற்றுகள் விலகி இடைவெளி விடும், உள்வளைவில் நெரிந்து கட்டியாகும். நீடில் மேட்டை 50 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாகக் கத்தரியுங்கள். கீழ்முனையிலிருந்து, அதாவது என்ஜின் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடைசி நட்டிலிருந்து நான்கு விரற்கடை விட்டுவிட்டுப் பட்டையின் நுனியை ஹோஸின் மேல் சாய்வாக வைத்து, ஒரு முழுச் சுற்றைத் தன் மேலேயே போட்டு, கம்பியால் ஒரே ஒரு முறை கட்டுங்கள். கம்பியைக் கையால் முறுக்குவது போதும், குறடு போட்டு முறுக்கினால் மேட் நசுங்கிவிடும், நசுங்கின இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் லேகிங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காலில் சுளுக்குக்குப் பேண்டேஜ் சுற்றுகிற மாதிரி, முந்தின சுற்றின் பாதியை மூடுகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். கீழிருந்து மேலே சுற்றினால் மேல் சுற்றின் விளிம்பு கீழ் சுற்றை மூடி நிற்கும், மழையோ தெறிப்போ பட்டால் வெளியே வழிந்துவிடும், உள்ளே இறங்காது.

பாதிப் பாதியாக ஏறுவதால் ஒரு போக்கிலேயே 12 மில்லிமீட்டர் மேட் இரண்டு அடுக்காகிவிடுகிறது, அவ்வளவுதான் வேண்டும். வளைவு வருகிற இடத்தில் மட்டும் ஓட்டத்தை மாற்றுங்கள். அங்கே ஒரே நீளப் பட்டையாக ஓட்டாமல், ஹோஸைச் சுற்றி ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிற துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு, அடுத்ததை அதன் மேல் பாதி ஏற்றிப் போடுங்கள். ஹோஸ் அசையும்போது துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்வரும், இழுபடாது. வெளிவளைவில் பாதிக்கும் மேலே ஏற்றம் வைக்க வேண்டும், திறந்துகொள்வது அந்தப் பக்கம்தான். எந்த இடத்திலும் பசை, சிமென்ட், பிளாஸ்டர் எதுவும் வேண்டாம். முடித்த பிறகு கையால் ஹோஸின் நடுவைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். லேகிங் போடுவதற்கு முன்னால் எவ்வளவு லேசாக அசைந்ததோ அதே மாதிரி அசைய வேண்டும். கனமாக அசைந்தாலோ ஸ்பிரிங் மாதிரி திரும்பித் தள்ளினாலோ இறுக்கிவிட்டீர்கள், அவிழ்த்துத் தளர்த்திச் சுற்றுங்கள்.

மேல் உறையை நீங்களே தைக்கலாம், ஆனால் கார் சீட் கவர், தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்தால் அரை நாளில் அழகாகத் தைத்துக் கொடுப்பார், அவரிடம் இருக்கிற கனமான மெஷினுக்குத்தான் இந்தத் துணி அடங்கும். நூல் மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும், டெஃப்லான் பூசின கண்ணாடி நூல். பாலியெஸ்டர் நூலில் தைத்தால் கொஞ்ச நாளில் தையல் விட்டுப்போகும். உறை ஒரு நீளக் குழாயாக இல்லாமல், நீளவாக்கில் திறக்கிற பட்டையாக, இரண்டு அல்லது மூன்று துண்டாக இருக்கட்டும், திறப்பு மடிப்பு கீழ்நோக்கி வரட்டும். அளவு எடுக்கும்போது சுற்றளவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழ்முனையிலும் ஒரு சின்ன ஐலெட் ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஹோஸ் ஒழுகினால் அந்த ஓட்டை வழியாகத்தான் முதல் சொட்டு வரும், அதுதான் உங்களுக்கு வருகிற தகவல்.

நான்கு விரற்கடை விட்ட முனைகளை என்ன செய்வது? அந்த நட்டும் யூனியனும் வெறுமனே இருந்தால் கை சுடும். அதற்குத் தனியாக ஒரு குட்டி ஜாக்கெட், நீடில் மேட்டை உள்ளே வைத்து மெத்தை மாதிரி தைத்து, வெல்க்ரோவில் சட்டென்று எடுக்கிற மாதிரி. ஸ்பேனர் வைக்கும்போது எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் போட வேண்டும், அவ்வளவுதான். வால்வுக்கும் இதே மாதிரி ஜாக்கெட் போடலாம், உண்மையில் போடத்தான் வேண்டும், ஏனென்றால் சுற்றாமல் விட்ட ஒரு வால்வு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெறும் குழாய் அளவுக்குச் சூட்டை விடும். ஹோஸை அருமையாகச் சுற்றிவிட்டு ஸ்டாப் வால்வை அம்மணமாக விட்ட படகுகள் நிறைய.

சிலிண்டருக்குப் பக்கத்தில், எண்ணெய் விடுகிற லூப்ரிகேட்டர் இருக்கிற இடத்தில், கூடுதல் கவனம் வேண்டும். சிலிண்டர் ஆயில் பஞ்சில் ஊறி, சூட்டில் நாள்கணக்கில் இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும், நெருப்பே வேண்டியதில்லை. எண்ணெய் வழக்கமாகப் பற்றுகிற சூட்டைவிட ரொம்பக் குறைந்த சூட்டிலேயே இது நடக்கும். அந்தப் பகுதியில் உறையின் பூச்சுப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், மடிப்பில் எண்ணெய் தேங்கக் கூடாது. எண்ணெய் ஊறின மேட்டைக் கழுவிப் போடலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள்.

படகின் உடம்பிலிருந்தும் ஹோஸைத் தள்ளி வையுங்கள், லேகிங்கின் மேலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் காற்று இடைவெளி. ஃபைபர் படகு சூட்டில் இளகும், மரப்படகில் பல மாதம் தொடர்ந்து சூடுபட்ட பலகை கருகிக்கொண்டே வரும். லேகிங் இருக்கிறதே என்று ஹோஸைப் பலகையில் சாய்த்து வைக்காதீர்கள். படகின் அடியில் தேங்குகிற தண்ணீரும் ஹோஸைத் தொடக் கூடாது. தாங்கிப் பிடிக்கும் கிளாம்பை ஹோஸின் மேல் போடாமல் இரண்டு பக்கமும் இருக்கிற கெட்டிக் குழாயில் போடுங்கள், நடுவில் ஹோஸ் சுதந்திரமாக இருக்கட்டும்.

சுற்றாமல் விட வேண்டிய இடங்களும் உண்டு. பிரஷர் கேஜுக்குப் போகிற பன்றிவால் குழாய் வெறுமனே இருந்தால்தான் அதில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால்தான் ஸ்டீம் நேராகக் கேஜுக்குள் போகாது. அதைச் சுற்றினால் கேஜ் கெடும். சேஃப்டி வால்வையும் அதன் வெளியேற்றுக் குழாயின் வாயையும் எதனாலும் மூடக் கூடாது. டிரெயின் காக்கின் கைப்பிடி வெளியே தெரிய வேண்டும். என்ஜினிலிருந்து வெளியேறுகிற ஸ்டீம் லைனைப் பொறுத்தவரை அது எங்கே போகிறது என்று பாருங்கள்: பாய்லருக்குள் போகிற ஃபீட் தண்ணீரைச் சூடாக்கப் போகிறது என்றால் ஹீட்டர் வரைக்கும் சுற்றுங்கள், ஹீட்டருக்குப் பிறகு, ஸ்டீமைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிற கண்டென்சருக்குப் போகிற துண்டைச் சுற்ற வேண்டாம், அங்கே சூடு போக வேண்டும் என்றுதானே கண்டென்சரே வைத்திருக்கிறோம்.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் பக்கம் போனால் நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜின் நிற்கிறபோது கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். 1899-லிருந்து குன்னூருக்கு ஓடுகிற லைன். நமக்குப் பாய்லர் என்று கண்ணில் படுவது மேல் தகடுதான், அதற்கடியில் லேகிங், அதற்கும் அடியில்தான் பாய்லர்.

முதல் முறை லேகிங்கோடு ஸ்டீம் ஏற்றும்போது பிரஷரை மெதுவாக ஏற்றுங்கள், டிரெயின் காக் திறந்தே இருக்கட்டும், தண்ணீர் கக்கி முடித்து வெறும் ஸ்டீம் வரும் வரைக்கும் என்ஜினுக்கு விட வேண்டாம். உறையின் பூச்சிலிருந்து லேசான வாடை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போது உறையின் மேலே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 50 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 70, 80 என்று காட்டினால் அங்கே மேட் விலகியிருக்கிறது அல்லது ஈரமாக இருக்கிறது. ஈரமானால் பஞ்சுக்குள் இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூடு கடத்தும்.

சந்தேகம் வந்தால் கையை விட்டுத் தடவிப் பார்க்காதீர்கள். நல்ல பிரஷரில் இருக்கிற ஸ்டீம் ஓட்டையிலிருந்து கிளம்புகிற இடத்தில் கண்ணுக்கே தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெண்புகையாக மாறும், அந்தத் தெரியாத துண்டில் விரல் போனால் சதையை அறுத்துவிடும். நீளக் குச்சியில் துணி கட்டி லைனோடு மெதுவாக ஓட்டுங்கள், துணி படபடத்தால் அங்கேதான்.

சீசன் முடிந்து படகைக் கொட்டகையில் ஏற்றும்போது உறைகளையும் மேட்டையும் கழற்றி வெயிலில் காயப்போட்டுத் தனியாக வையுங்கள். ஹோஸைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பின்னலைப் பாருங்கள். தடித்த துணியை அதன் மேல் இழுத்தால் எங்காவது நூல் சிக்கினால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. ஒரே இடத்தில் பல கம்பி அறுந்திருந்தாலோ, பழுப்பாகக் கறை ஓடியிருந்தாலோ, முனையில் வெல்டுக்குப் பக்கத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தாலோ அந்த ஹோஸை மாற்றிவிடுங்கள், வெல்டு வைத்து ஒப்பேற்ற முடியாது. பாய்லரை ஆய்வு செய்ய வருகிறவர் லைனைப் பார்க்க வேண்டும் என்றால் லேகிங்கை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும், அப்போது வெல்க்ரோவும் தளர்ந்த சுற்றும் இருந்தால் வேலை பத்து நிமிஷத்தில் முடியும். கழற்றின மேட் கையில் பொடியாக உதிர்ந்தால் திரும்பப் போட வேண்டாம், பட்டை கத்தரிக்கப் புது மேட் இரண்டு மீட்டர் எப்போதும் கொட்டகையில் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள்.